குழு நம்முடையது, சாவி யாருடையது?

ஆத்தூர்க் கிழங்கு | ஜனவரி 4, காலை 6.50

ஆத்தூர், தலைவாசல் பக்கம் குச்சிக்கிழங்கு போடுறவங்க, ஏற்காட்டில் காபி மிளகு வெச்சிருக்கிறவங்க, வாழப்பாடி பாக்குத் தோப்புக்காரங்க எல்லாம் சேர்ந்து 900 பேர் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கோம். 1,024க்கு மேல ஆள் சேர்க்க முடியாது. போன வருஷம் யாரோ எழுதின மாவுப்பூச்சி மருந்து அளவைத் தேடினா கிடைக்கிறதில்லை. தனி இடம் வேணும். ஒருத்தர், "நானே செலவு பண்ணி ஆப் செஞ்சு தரேன், விளம்பர வருமானம் மட்டும் எனக்கு" என்கிறார். நான் சொல்றது, கூட்டுறவாப் பதிஞ்சுட்டா எல்லாருக்கும் சொந்தம் ஆயிடும், பிரச்சினையே இல்லை. சரிதானே?

கணக்குப்பிள்ளை | ஜனவரி 4, இரவு 9.15

சரியில்லை. உங்க ஊர்ப் பக்கமே உதாரணம் இருக்கு. சேகோசர்வ் 1981இல் பதிவான தொழிற்கூட்டுறவுச் சங்கம். ஜவ்வரிசி, ஸ்டார்ச் மூட்டையைக் கிடங்கில் வாங்கி வைக்கிறது, மாதிரி எடுத்துத் தரம் பார்க்கிறது, டெண்டர் விட்டு விற்கிறது, இருப்பின் பேரில் முன்பணம் தருகிறது. சந்தைத் தளம் என்று இன்று எதைச் சொல்கிறோமோ அந்த வேலை முழுக்க அங்கே நடக்கிறது. உறுப்பினர் யார்? ஆலைக்காரர்கள். கிழங்கு போடுகிறவர் கிடையாது. அது அந்தச் சங்கத்தின் குற்றம் இல்லை, ஆலைகளுக்காகவே ஏற்பட்ட சங்கம் அது. ஆனால் ஒரு ஆலை வாசலில் "இந்த லோடில் மாவுச்சத்து 24 பாயிண்ட்தான்" என்று சொன்னால், கிழங்கு கொண்டுபோனவருக்கு எந்தக் கூட்டத்திலும் ஓட்டு இல்லை.

இணையத்தில் பதிவு எழுதுகிறவரும் பதில் சொல்கிறவரும் சண்டை விலக்குகிறவரும் கிழங்கு போடுகிறவர் இடத்தில் நிற்கிறார்கள். அதனால் கூட்டுறவா கம்பெனியா என்பதற்கு முன்னால் துணைவிதியில் "உறுப்பினர் யார்" என்ற ஒரு பத்தியை எழுதுங்கள். பங்குப்பணம் கட்டியவர் மட்டும்தானா, ஆண்டுக்கு இத்தனை பதில் எழுதியவருமா, பணம் கட்டாமல் படிக்க மட்டும் வருகிறவருக்கு என்ன நிலை, ஏற்காட்டு எஸ்டேட்டில் மிளகு பறிக்கிற பெண்கள் எதில் வருவார்கள்? அந்தப் பத்தியில் யார் விடுபடுகிறாரோ அவருக்குச் சொந்தம் இல்லை. மேலே என்ன பலகை மாட்டினாலும் அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 5, காலை 7.05

ஆப் செய்து தருகிறேன் என்பவரைப் பற்றிச் சொல்ல மறந்தேன். அவரை விரட்ட வேண்டாம். சாவிகளை மட்டும் எழுதி வாங்குங்கள். ஒரு தளத்துக்கு ஆறு சாவி உண்டு.

டொமைன் பெயர், அதாவது தளத்தின் இணைய முகவரி, முதல் சாவி. பதிவில் அமைப்பின் பெயர் இருக்க வேண்டும், தொடர்பு மின்னஞ்சலும் அமைப்பின் பொது முகவரியாக இருக்க வேண்டும். பெரும்பாலும் நடப்பது வேறு. ஒருவர் தன் சொந்த மின்னஞ்சலில், தன் கார்டில் வாங்கியிருப்பார். மூன்றாம் ஆண்டு கார்டு காலாவதியாகும், புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் ஸ்பாமில் கிடக்கும், பெயர் போய்விடும். ஒரே தடவையில் ஐந்து வருஷத்துக்குப் பணம் கட்டுங்கள்.

சர்வரின் ரூட் கணக்கு, அதாவது எதையும் மாற்றக்கூடிய தலைமைக் கணக்கு, இரண்டாவது. காப்புப்பிரதி கிடக்கும் இடம் மூன்றாவது, அது சர்வர் இருக்கும் அதே கம்பெனியில் இருக்கக் கூடாது. கணக்கு முடங்கினால் இரண்டும் சேர்ந்தே முடங்கும். நாலாவது கூகுள் பிளே கணக்கு. 25 டாலர் ஒருமுறைக் கட்டணம். தனிநபர் கணக்கில் ஆப் ஏறினால் ஆப் அவருடையது. அமைப்பின் பெயரில் திறக்க டன்ஸ் எண் (நிறுவனங்களுக்கான அடையாள எண்) கேட்பார்கள், வந்துசேர நாளாகும், முன்னாலேயே விண்ணப்பியுங்கள். ஐந்தாவது வங்கிக் கணக்கு. ஆறாவது எஸ்.எம்.எஸ். அனுப்பும் பெயர்ப் பதிவு.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் நுழைய வழி இருக்கட்டும். இரட்டைப் பூட்டின் (கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு குறியீடும் கேட்கும் ஏற்பாடு) மீட்புக் குறியீடுகளை அச்சடித்து, உறையில் ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டு, ஒரு உறை சேலத்தில், ஒரு உறை மலைமேல்.

இருபதாம் வளைவு | ஜனவரி 5, மாலை 4.30

மலைமேல் வைத்த உறை ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். லேமினேட் பண்ணுங்க.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 6, இரவு 10.20

செலவுக் கணக்கு கேட்டிருந்தார்கள். டிஸ்கோர்ஸ் போன்ற இலவச விவாதமன்ற மென்பொருளை நாமே நிறுவிக்கொள்வதாக வைத்துக்கொள்கிறேன். 1 ஜி.பி. நினைவகத்திலும் ஓடும், மேம்படுத்தும்போது திணறிப் பாதியில் நிற்கும். 2 ஜி.பி. எடுங்கள். மாதம் 12 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று போட்டு, 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஆண்டுக்கு 15,300. வேறு கம்பெனியில் காப்புக்கிடங்கு மாதம் 5 டாலர் என்றால் 6,400. டொமைன் 1,000. அறிவிப்பு மின்னஞ்சல் 900 பேருக்கு மாதம் 20 வீதம் 18,000 போகும், ஆயிரத்துக்கு 10 சென்ட் வாங்கும் சேவையில் ஆண்டுக்கு 2,300. ஓ.டி.பி. ஆளுக்கு மாதம் ஒன்று, 20 காசு வீதம், ஆண்டுக்கு 2,200. தணிக்கை 15,000.

இதுவரை 42,200. யாரும் இதில் சறுக்குவதில்லை. சறுக்குவது அடுத்த வரியில். பொய் விலை போடுகிறவரை நீக்க, மருந்து அளவு தப்பாகச் சொன்னால் திருத்த, கடவுச்சொல் மறந்தவருக்கு வழி சொல்ல ஒரு ஆள் வேண்டும். அரைநாள் வேலைக்கு மாதம் 8,000 என்றாலும் 96,000. மொத்தம் 1,38,200. பத்து சதவீதம் இருப்பு வைத்தால் 1,52,000.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கேயும் ஏறக்குறைய அதே விகிதம்தான் வருகிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

900 பேரும் கட்டினால் தலைக்கு 169 ரூபாய். எல்லோரும் கட்டவே மாட்டார்கள். மூன்றில் ஒருவர் கட்டினால் 507. ஆகவே ஆண்டுச் சந்தா 500 என்று வைத்துவிடலாம் என்பது என் கருத்து.

ஆத்தூர்க் கிழங்கு | ஜனவரி 7, காலை 6.10

சம்பளத்தை எடுத்துட்டா 42,000தானே. நாங்களே மாத்தி மாத்திப் பாத்துக்கிறோம்.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 7, காலை 7.30

பார்ப்பீர்கள். அறுவடை வரைக்கும்.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 7, மதியம் 1.45

காலையில் வெடுக்கென்று சொல்லிவிட்டேன், விவரமாகச் சொல்கிறேன். கூலியில்லா உழைப்பு என்பது கணக்கில் எழுதாத முதலீடு. ரெடிட் என்ற விவாதத் தளம் அப்படித்தான் வளர்ந்தது, நெறியாளர்கள் சம்பளம் இல்லாதவர்கள். 2024 மார்ச்சில் பங்குச்சந்தைக்கு வந்தபோது வெளியீட்டில் 8 சதவீதத்தைப் பயனர், நெறியாளர் போன்றவர்களுக்கு ஒதுக்கினார்கள். இலவசமாக இல்லை. 34 டாலர் கொடுத்து வாங்கிக்கொள்ளும் உரிமை, அவ்வளவே. அதற்கு முந்தைய மாதம்தான் அந்தப் பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு கூகுளுக்குத் தர ஆண்டுக்கு சுமார் 6 கோடி டாலர் ஒப்பந்தம் என்று செய்தி வந்திருந்தது.

கூலி கொடுக்க முடியாவிட்டால் நேரத்தையாவது பதிவேட்டில் எழுதுங்கள். மாதம் 10 மணி நேரம் பார்த்தவருக்குச் சந்தா தள்ளுபடி, நிர்வாகக் குழுவில் ஒதுக்கிய இடம். பின்னால் பணம் வந்தால் முதல் உரிமை அவருக்கு.

லீ பஜார் | ஜனவரி 8, இரவு 8.00

சந்தா எல்லாம் வேலைக்கு ஆகாது. மகமை போடுங்க. மூட்டைக்கு இத்தனைன்னு நாடார் உறவின்முறையில் எடுத்துத்தான் விருதுநகர், சிவகாசிப் பக்கம் பள்ளிக்கூடமே கட்டினாங்க. யாருக்கு வியாபாரம் அதிகமோ அவர் அதிகம் கொடுப்பார். விக்காதவர் கொடுக்க வேண்டாம். தளத்தில் நடக்கிற ஒவ்வொரு விற்பனையிலும் அரை சதவீதம்.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 9, காலை 6.40

இது எனக்குத் தோன்றவில்லை, பிரமாதம். 500 ரூபாய் சந்தாவை வாபஸ் வாங்குகிறேன். ஒரு ஏக்கர்க்காரரும் முப்பது ஏக்கர்க்காரரும் ஒரே தொகை கட்டுவது நியாயம் இல்லை. நியூயார்க்கில் வீடு சுத்தம் செய்யும் தொழிலாளர்களின் அப் அண்ட் கோ என்ற கூட்டுறவுத் தளத்தில் வாடிக்கையாளர் கொடுப்பதில் 95 சதவீதம் வேலை செய்தவருக்கு, 5 சதவீதம் தளப் பராமரிப்புக்கு. கனடாவின் ஸ்டாக்சி புகைப்படக் கூட்டுறவும் சாதாரண உரிம விற்பனையில் பாதியைப் படம் எடுத்தவருக்குத் தந்துவிட்டு மீதியில் தளத்தை நடத்துகிறது. இரண்டும் மகமை வகைதான், பெயர்தான் வேறு.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 14, மாலை 5.10

பொங்கல் வாழ்த்து. மகமையைப் பற்றி நான் எழுதியதில் ஓட்டை இருக்கிறது.

மகமை எடுத்தது எப்படி? மூட்டை பேட்டைக்குள் வந்தாக வேண்டும், வாசலில் எண்ணினார்கள். சுத்தம் செய்யும் தளத்திலும் ஸ்டாக்சியிலும் பணம் தளத்தின் வழியாகவே போகிறது. நம் ஆட்கள் தளத்தில் "மிளகு 200 கிலோ இருக்கு" என்று போடுவார்கள், வாங்குகிறவர் போன் பண்ணுவார், லோடு ஏறிவிடும். அரை சதவீதம் எங்கே பிடிப்பது? பிடிக்கவேண்டுமென்று போன் எண்ணை மறைத்தால் எல்லோரும் பழைய வாட்ஸ்அப் குழுவுக்கே போவார்கள்.

சுற்றிக்கொண்டு போக முடியாத இடத்தில்தான் காசு வாங்க முடியும். பெங்களூரின் நம்ம யாத்ரி ஆட்டோ செயலி சவாரியில் கமிஷன் எடுக்காமல், ஓட்டுநரிடம் நாளுக்கு 25 ரூபாய் வாங்கும் திட்டத்தை 2023இல் கொண்டுவந்தது. அந்தத் திட்டத்தில் சவாரியை எண்ண வேண்டியதில்லை, ஏமாற்றவும் வழியில்லை. (அதைக் கூட்டுறவு என்று நினைக்காதீர்கள். கட்டணம் நியாயமாக இருப்பது ஒன்று, சொந்தம் யார் என்பது வேறொன்று.) நமக்கு அந்த வாசல், வாங்குகிறவர் பக்கம். இன்று எங்கே எவ்வளவு சரக்கு இருக்கிறது என்ற பட்டியலைப் பார்க்க வியாபாரி மாதம் 300 கட்டட்டும். 25 வியாபாரி வந்தால் ஆண்டுக்கு 90,000.

லீ பஜார் | ஜனவரி 14, இரவு 9.40

ஆக பொங்கலன்னிக்கு மகமை எங்க தலையில் விடிஞ்சது.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 15, காலை 8.00

மாட்டுப் பொங்கலாச்சே, யாரையாவது கட்ட வேண்டாமா.

ஆனால் இதிலும் ஒரு கண்ணி உண்டு. 1,52,000இல் 90,000 வியாபாரி பணம் என்றால் மூன்றாம் ஆண்டு அவர்கள் சொல்வதுதான் சட்டம். "விலை புகார்ப் பதிவுகளை எடுங்கள்" என்று ஒருவர் சொன்னால் எடுத்துவிடுவீர்கள். துணைவிதியில் எழுதவேண்டியது: உறுப்பினர் சந்தா தவிர, எந்த ஒரு வகையாரிடமிருந்தும் ஆண்டு வருமானத்தில் 40 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, எந்த ஒரு ஆளிடமிருந்தும் 5 சதவீதத்துக்கு மேல் கூடாது. மீறிய தொகை அந்த ஆண்டு செலவுக்குப் போகாமல் இருப்பு நிதிக்குப் போகும். விளம்பரத்துக்கும் இதே வரம்பு. ஆப் செய்து தருகிறேன் என்ற அந்த நண்பருக்கும் இது பொருந்தும்.

ஆத்தூர்க் கிழங்கு | ஜனவரி 16, காலை 6.30

சரிங்க சார், பதிவு எங்கே எப்படி? கலெக்டர் ஆபீஸா?

கணக்குப்பிள்ளை | ஜனவரி 17, இரவு 10.00

கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டாம். நாலு வழி இருக்கிறது.

சங்கப் பதிவு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, மாவட்டப் பதிவாளர், ஏழு பேர் போதும். மலிவு, எளிது. லாபத்தைப் பிரிக்க முடியாது, நமக்கு அது வேண்டியதும் இல்லை. ஆண்டுதோறும் பொதுக்குழுவும் கணக்குத் தாக்கலும் உண்டு. கோட்டை விடும் இடம் இதுதான். இரண்டு வருஷம் தாக்கல் செய்யாமல் விட்டு, பிறகு நிர்வாகிகள் மாற்றத்தைப் பதியப் போனால், பழையதையெல்லாம் முடித்துக்கொண்டு வாருங்கள் என்பார்கள். வங்கியில் பழைய பொருளாளரின் கையெழுத்தே ஓடிக்கொண்டிருக்கும்.

கூட்டுறவுச் சங்கம், 1983ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு என்பது சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் பதிவாளரின் கை நீளம். தேர்ந்தெடுத்த குழு போய்த் தனி அலுவலர் வந்து உட்கார்வதைப் பார்க்காத ஊர் இங்கே குறைவு. ஆந்திரம் 1995இல் அரசுப் பங்கு இல்லாத சங்கங்களுக்குத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. நம் பக்கம் 900 பேர் குழுவுக்கு இது பெரிய சுமை.

உற்பத்தியாளர் கம்பெனி. பத்து உற்பத்தியாளர், ஐந்து இயக்குநர். பங்கு எத்தனை இருந்தாலும் ஒரு ஓட்டு. பங்கை வெளியாளுக்கு விற்க முடியாது, மற்றொரு செயல்படும் உறுப்பினருக்கு, அதுவும் முகமதிப்பில். ஒரு பெரிய கம்பெனி வந்து தளத்தை அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்க இதைவிட நல்ல பூட்டு இல்லை.

எட்டாம் பிரிவுக் கம்பெனி. லாபம் பிரிக்கத் தடை, கலைத்தால் மிச்சச் சொத்து உறுப்பினர் கைக்குப் போகாது. பங்கு இல்லாமல் உத்தரவாத அடிப்படையில் பதிந்தால் ஆளுக்கு ஒரு ஓட்டு என்று விதியில் எழுதிக்கொள்ளலாம்.

என் பரிந்துரை உற்பத்தியாளர் கம்பெனி.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 18, காலை 6.15

நேற்றையதில் திருத்தம். உற்பத்தியாளர் கம்பெனியில் உற்பத்தி செய்கிறவர்தான் உறுப்பினர் ஆகலாம். தறிக்காரர் வரலாம், கைத்தறியும் அதில் அடங்கும். மருந்து அளவு சரியாகச் சொல்கிற ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் வர முடியாது. தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் நிலம் இல்லாதவர் என்றால் அவரும் வர முடியாது. முதல் நாள் சேகோசர்வ் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு அதே குழியில் நானே இறங்கியிருக்கிறேன்.

இன்னொன்று. கம்பெனி என்றால் எதுவானாலும் தணிக்கை கட்டாயம். ஆண்டுக்கு இரண்டு படிவம் தாக்கல் செய்ய வேண்டும், தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய். நூறு நாள் மறந்தால் 20,000 போச்சு. நம் சர்வர் செலவைவிட அதிகம்.

எனவே முதல் இரண்டு ஆண்டு 1975 சட்டத்தில் சங்கம். சங்கத்தின் துணைவிதியில் மூன்று வரி சேருங்கள். டொமைன், பெயர், பதிவுகளின் களஞ்சியம் ஆகியவற்றை விற்கவோ அடகு வைக்கவோ மொத்த உறுப்பினரில் நாலில் மூன்று பங்கு ஒப்புதல் வேண்டும், கூட்டத்துக்கு வந்தவரில் நாலில் மூன்று போதாது. கலைத்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறு சங்கத்துக்கு. இந்த இரண்டு விதியைத் திருத்தவும் அதே நாலில் மூன்று. மூன்றாவது வரியை விட்டுவிட்டால் முதல் இரண்டையும் சாதாரணப் பெரும்பான்மையில் கழற்றிவிடலாம்.

இருபதாம் வளைவு | ஜனவரி 20, இரவு 7.50

பொதுவில் சேர்த்து விற்பது, பிரிப்பது என்றாலே மலையில் பழைய ஆட்களுக்கு காபி போர்டு பூல் ஞாபகம் வரும். 1940களில் இருந்து காபியை போர்டிடம்தான் ஒப்படைக்கணும். பணம் தவணை தவணையா வரும், இந்த வருஷக் காபிக்குக் கடைசித் தவணை எப்போ, எவ்வளவுன்னு முன்கூட்டித் தெரியாது. 90களில் படிப்படியாத் தளர்த்தி 1996இல் முழுசா விட்டாங்க. விலை விழுந்த வருஷம் பூல் காப்பாத்துச்சு என்பதும் உண்மை. ஆனா பணம் எப்போ வரும்னு தெரியாத ஏற்பாட்டை யாரும் தன்னோடதுன்னு நினைக்கல.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 20, இரவு 11.10

இதைக் கணக்கு வெளியிடுவதற்கு அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மாதம் முடிந்து ஐந்தாம் தேதிக்குள் ஒரு பக்கம்: வரவு, செலவு, வங்கி இருப்பு, காப்புப்பிரதியை எந்தத் தேதியில் மீட்டுப் பார்த்தோம். ஆண்டறிக்கைக்குக் காத்திருந்தால் பூல் கதைதான்.

மீட்டுப் பார்ப்பது என்றால் உண்மையாகவே வேறொரு சர்வரில் ஏற்றி, உள்நுழைந்து, ஒரு பழைய படம் திறக்கிறதா என்று பார்ப்பது. காப்புப்பிரதியில் எழுத்து மட்டும் வந்து படங்கள் வராமல் விட்டிருப்பது அடிக்கடி நடக்கிற தவறு. நிறுவும்போது படங்களையும் சேர்க்கும் அமைப்பைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 24, மாலை 6.00

லாப நோக்கம் இல்லை என்று பதிந்துவிட்டால் போதாதா என்று தனியாகக் கேட்டிருந்தார் ஒருவர். கவுச்சர்ஃபிங் கதை போதும். 2004இல் அமெரிக்காவில் லாப நோக்கற்றதாகத் தொடங்கியது, பயணிகளுக்கு வீட்டில் இலவசமாகத் தங்க இடம் தருகிறவர்களின் தளம். தன்னார்வலர்களே நிரல் எழுதினார்கள், மொழிபெயர்த்தார்கள். வரிவிலக்குத் தகுதி கிடைக்கவில்லை. 2011இல் லாப நோக்குள்ள கம்பெனியாக மாறி 76 லட்சம் டாலர் முதலீடு வாங்கியது. 2020 மே மாதம் சந்தா கட்டினால்தான் உள்ளே போகலாம் என்று பூட்டிவிட்டார்கள். உழைத்தவர்களுக்குப் பங்கும் இல்லை, ஓட்டும் இல்லை. மாற்றத்தைத் தடுக்கும் விதி எதுவும் அவர்கள் கையில் இல்லாததே காரணம். பிரான்சில் சங்கமாகப் பதிவான பிவெல்கம் அதே வேலையைத் தன்னார்வலரை வைத்தே இன்னும் செய்துகொண்டிருக்கிறது. சின்னது, மெதுவானது.

நிரல் எழுதுகிறவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2021இல் 180 கோடி டாலருக்குக் கைமாறியது. அங்கே எழுதியவர்களுக்கு ஒரு பிடி மட்டும் இருந்தது, பதில்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (எழுதியவர் பெயரைச் சொல்லி யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற பொது உரிமம்) இருந்தன. 2023இல் பதிவுத் தொகுப்பு வெளியீட்டை நிறுத்திப் பார்த்தார்கள், நெறியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், தொகுப்பு திரும்ப வந்தது. நம் தளத்திலும் முதல் நாளே அந்த உரிமத்தைப் போடுங்கள். நிர்வாகம் கெட்டுப்போனால் பதிவுகளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் கடை போடலாம். உறுப்பினரின் போன் எண், ஊர், நில அளவு இதில் சேராது, அதற்கு 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பொதுப் பதிவு ஒரு பெட்டி, ஆள் விவரம் வேறு பெட்டி.

ஆத்தூர்க் கிழங்கு | ஜனவரி 25, காலை 6.20

சிங்கப்பூரில் இருக்கிற நம்ம ஊர்ப் பசங்க தரேன்றாங்க. வாங்கலாமா?

கணக்குப்பிள்ளை | ஜனவரி 25, காலை 7.00

பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2010 பாயும். அதற்குப் பதிவு வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பின் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரு கிளையில்தான் கணக்குத் திறக்க வேண்டும். புதுச் சங்கத்துக்கு அது எட்டாது. வெளிநாட்டு நன்கொடைத் தளங்களில் பட்டன் வைப்பதும் இதே வம்பு. "வேறொரு அமைப்பின் நிழலில் வாங்கலாம்" என்று ஒரு யோசனை வரும். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான சிறு குழுக்களுக்கு அப்படி நிழல் கொடுத்த ஓபன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் 2024இல் கடையைக் கட்டியபோது எல்லாரும் வேறு வீடு தேடினார்கள்.

உள்நாட்டுப் பணம் சங்கத்தின் வங்கிக் கணக்கு கியூ.ஆரில். பொருளாளரின் சொந்த ஜிபேயில் வேண்டாம், அவருடைய வருமானமாக நின்றுவிடும். மாதம் மாதம் தானாகப் பிடிக்கும் யு.பி.ஐ. ஏற்பாடு வேண்டாம். 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு போகும், அதைப் பார்த்ததும் பாதிப் பேர் ரத்து செய்வார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, கையில் பணம் இருக்கும் மாதத்தில்.

இருபதாம் வளைவு | ஜனவரி 25, காலை 9.15

மலையில் மாசி. காபி, மிளகு ரெண்டும் வித்திருக்கும்.

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 2, இரவு 9.30

நெறியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஒரு சண்டை ஓடுகிறது. 900 பேரில் 40 பேர் ஓட்டுப் போட்டால் 21 பேர் வைத்த சட்டம். அதனால் தேர்தலோடு சீட்டுக் குலுக்கலும் கலக்கலாம். குடவோலை நம் ஊர்ச் சரக்கு. உத்திரமேரூர்க் கல்வெட்டில், முதலாம் பராந்தகன் காலம், 919, 921, முப்பது குடும்பிலிருந்தும் (ஊர்ப் பிரிவிலிருந்தும்) ஓலை எடுத்து வாரியம் அமைத்தார்கள். முந்தைய மூன்றாண்டில் வாரியத்தில் இருந்தவர் நிற்க முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது.

மூன்று நெறியாளர் தேர்தலில், இரண்டு பேர் குலுக்கலில், ஓராண்டு, அடுத்தடுத்து இல்லை. குலுக்கலில் பெயர் வந்தவர் மறுக்கலாம்.

லீ பஜார் | பிப்ரவரி 2, இரவு 10.05

மச்சானும் நிக்கக் கூடாதுன்னா சேலத்தில் ஒரு சங்கத்துக்கும் ஆள் கிடைக்காதுங்க.

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 3, காலை 6.50

குடவோலையை ரொம்பவும் தூக்கிவிட வேண்டாம். சட்டிக்குள் ஓலை போடத் தகுதி யாருக்கு? கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் படிப்பு. பிராமணர் சபையின் ஏற்பாடு அது. குலுக்கல் நியாயமாகத்தான் நடந்தது. சட்டிக்குள் யார் ஓலை என்பது முன்னமே முடிந்துபோன விஷயம். மறுபடி முதல் நாள் சொன்ன "உறுப்பினர் யார்" பத்திக்கே வந்து நிற்கிறேன்.

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 11, இரவு 8.40

மகமை எடுபடாததால் மறுபடி சந்தாவுக்கே வருகிறோம், அதில் இன்னொரு இடறல். கோயில் திருவிழாவில் தலைக்கட்டு வரி போல வைக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். தலைக்கட்டு என்றால் கல்யாணம் ஆன ஆண் ஒரு கட்டு. தனியாக விவசாயம் பார்க்கிற பெண் அரை வரியாகவோ கணக்கில் இல்லாமலோ போவார். அதைவிட மோசம், ஊரில் ஒருவரை ஒதுக்க நினைத்தால் அவரிடம் வரி வாங்க மாட்டார்கள். வரி வாங்காவிட்டால் உரிமை இல்லை. தளத்திலும் இதே வேலை சுலபம். பிடிக்காத சாதிக்காரர், பிடிக்காத கட்சிக்காரர் பணம் அனுப்பினால் "விண்ணப்பம் பரிசீலனையில்" என்று மாதக்கணக்கில் போடலாம்.

விதி இப்படி இருக்கட்டும்: தகுதி உள்ளவர் பணம் கட்டி 15 நாளில் மறுப்பு எழுத்தில் வராவிட்டால் உறுப்பினர். மறுத்தால் காரணம் எழுத வேண்டும், பொதுக்குழுவில் முறையீடு. நீக்குவதற்கும் அதே. கட்டணம் மூன்று படி: 50, 200, 500. எந்தப் படி என்று அவரவரே தேர்ந்தெடுப்பது, சான்று கேட்கக் கூடாது. மூன்றுக்கும் ஓட்டு ஒன்றே. தளத்தில் யார் எந்தப் படி என்று காட்டும் பட்டை, நட்சத்திரம் எதுவும் வேண்டாம். பணம் கட்ட முடியாமல் மாதம் நாலு பதில் எழுதுகிறவர் 50 ரூபாய்ப் படியில் சேர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு: 150 பேர் 50இல், 100 பேர் 200இல், 50 பேர் 500இல் என்றால் 52,500. வியாபாரிப் பட்டியல் 40 சதவீத வரம்பில் 60,000. மீதி 39,500 இடிக்கிறது. ஆளை முதல் ஆண்டு மாதம் 5,000க்கு வைத்தால் 36,000 குறையும். மிச்சம் 3,500 இருப்பு நிதியில் குறையட்டும்.

ஆத்தூர்க் கிழங்கு | பிப்ரவரி 12, காலை 6.05

வரம்பு 60,000ன்னு போட்டிருக்கீங்க. மொத்த வருமானம் 1,12,500 ஆனா 40 சதவீதம் 45,000தான் வரும்?

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 12, காலை 6.35

பிடித்துவிட்டீர்கள். நான் செலவில் 40 சதவீதம் போட்டேன், விதி வருமானத்தில் என்கிறது. சந்தா 52,500 என்றால் அது 60 சதவீதம், ஆக மொத்தம் 87,500, வியாபாரி பங்கு 35,000தான். சந்தா கட்டுகிறவர் 300இலிருந்து 450 ஆனால் 78,750, வியாபாரி 52,500, மொத்தம் 1,31,250. அப்போது வேலைக்கு வைத்த ஆளுக்கு மாதம் 5,000 கொடுத்து, இருப்பும் வைத்து, கையில் 15,000 நிற்கும். 450 பேர் வரும்வரை ஆள் வைக்க வேண்டாம், 10 மணி நேரப் பதிவேட்டில் ஓட்டுங்கள். நீங்களே பொருளாளராக இருங்கள்.

ஆத்தூர்க் கிழங்கு | பிப்ரவரி 12, காலை 6.40

ஏழு பேர் கையெழுத்து ரெடி. ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 12, இரவு 9.00

சங்கப் பதிவும் சங்கத்தின் பெயரில் பான் எண்ணும் வந்த பிறகே டி.எல்.டி. பதிவு, ஆறாவது சாவி என்று சொன்ன எஸ்.எம்.எஸ். பெயர்ப் பதிவு அதுதான். அதற்கு ஒருமுறைக் கட்டணம் சில ஆயிரம், மேலே உள்ள கணக்கில் அது சேரவில்லை. அனுப்பும் வாசகத்தை முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும், பின்னால் ஒரு எழுத்து மாறினாலும் செய்தி நடுவழியில் நின்றுவிடும். தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்.எம்.எஸ்.க்கு 70 எழுத்துக்குறிதான். புள்ளி, கொம்பு, கால் ஒவ்வொன்றும் தனிக்குறியாக எண்ணப்படும். தாண்டினால் இரண்டு செய்திக் காசு. "குறியீடு" என்ற சொல், எண், சங்கப் பெயர், இது போதும். சங்கத்துக்குப் பெயர் வைக்கும்போதே இதை நினைவில் வையுங்கள், "சேலம் மாவட்ட அனைத்து மரவள்ளி காபி மிளகு பாக்கு உற்பத்தியாளர்கள்" என்று ஆரம்பித்தால் ஓ.டி.பி.க்கு இடம் இருக்காது.